உடலின் பாரமும் சித்திரக் கோடும்

மனித உருவை வரையப் பழகுவோர் முதலில் உடலின் ஓரத்தையே பற்றிக்கொள்கின்றனர். ஓரம் இம்மியும் பிசகாது. எனினும் உருவம் உயிரற்று நிற்கும். இதற்குக் காரணம் யாது?

விடை திருகோணமலையிலேயே உண்டு. 1950ஆம் ஆண்டில், கோணேசர் கோயிலுக்கு அண்மையில் கிணறு தோண்டியபோது, சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி முதலிய வெண்கலத் திருமேனிகள் வெளிப்பட்டன. போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் இடித்த பழங்கோயிலுக்கு உரியவை அவை. சோழர் காலக் கலைமரபைச் சார்ந்தவை.

அம்மரபில் தேவி நிற்கும் நிலையை நோக்குங்கள். உடற்பாரம் ஒரு காலில் இறங்குகிறது. அப்பக்கத்து இடுப்பு உயர, தோள் தாழ்கிறது; தலை அதற்கு இசையச் சாய்கிறது. சிற்பிகள் திரிபங்கம் என்னும் மூவளைவு இவ்வாறே பிறக்கிறது. பாரம் சென்ற வழியே அழகாயிற்று.

சிற்பத்தின் இவ்வளைவைத் தூரிகைக்குக் கொணர்ந்தவர் நம் நாட்டு ஓவியர் ஜோர்ஜ் கீற். கொழும்பு, பொறளைக் கோதமி விகாரைச் சுவர்களில் 1939-40இல் அவர் தீட்டிய உருவங்களுக்கு, நீண்டோடும் கோடே உயிர்நாடி.

ஆகவே, சித்திரம் பயிலும் இளைஞர்களே, நம் கடற்கரைக்குச் செல்லுங்கள். கரைவலை இழுப்போரைக் காணுங்கள். குதிகால் மணலில் ஊன்றுகிறது. முதுகு பின்னே சாய்கிறது. கைகள் கயிற்றோடு நீள்கின்றன. குதிகால் முதல் கைவரை ஓடும் அவ்வொரு கோட்டை முதலில் எழுதுங்கள். விரலும் முகமும் பின்னர் வரட்டும். வலையின் கனம் அக்கோட்டில் ஏறிவிட்டால், முகம் எழுதாத உருவமும் பேசும்.