காடும் கடலும் யாருடைய உத்தியோகம்?

(கம்பம் பள்ளத்தாக்கில் நடந்த வாலிபர் கூட்டமொன்றில் பேசியதன் சாரம்)



இன்று நம்மைப் பேசச் சொன்ன விஷயம் காட்டையும் கடலையும் காப்பாற்றும் வேலைக்கு நம் பிள்ளைகள் எப்படிப் போவது என்பதாகும். நாம் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவர்களல்ல. படித்ததெல்லாம் கடைத் திண்ணையிலும், இரவல் வாங்கிய புத்தகத்திலும், நாலு பேரிடம் கேட்டதிலுமேயாகும். ஆதலால் பண்டிதத்தனம் எதுவும் எதிர்பார்க்காதீர்கள். தெரிந்ததைச் சொல்லுகிறோம், சரியா தப்பா என்று நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கேள்வி. 2023-ஆம் வருஷம் மே மாதம் 27-ந் தேதி காலையில் இந்தக் கம்பம் நகரத் தெருவில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அதற்கு ஒரு மாதத்துக்கு முன் இடுக்கி ஜில்லா சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்பட்ட அரிக்கொம்பன் என்ற யானை, மலையிறங்கி வந்து நம் தெருவில் ஓடிற்று. அந்தக் கலவரத்தில் காயம்பட்ட ஒருவர் இறந்தும் போனார். ஊரடங்கு போட்டார்கள். அப்போது நம்மில் சிலர் கையெடுத்துக் கும்பிட்டோம், சிலர் கல்லெடுத்தோம், அநேகர் கைப்பேசியை எடுத்துக் கொண்டு பின்னாலேயே ஓடினோம். இந்த மூன்றில் எதனாலாவது யானை ஊரைவிட்டுப் போயிற்றா? இல்லை. கழுத்திலிருந்த ரேடியோ பட்டையைக் கொண்டு அது இருக்குமிடம் அறிந்தவர்களும், தடம் பார்க்கத் தெரிந்தவர்களும், மயக்க மருந்தின் அளவு அறிந்த மிருக வைத்தியர்களும், கும்கி யானைகளும் பாகர்களும் சேர்ந்து ஜூன் 5-ந் தேதி அதைப் பிடித்துத் தெற்கே களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டு போனார்கள். அன்று நம் உயிரைக் காத்தது அறிவும் பயிற்சியுமேயன்றி வேறல்ல. அந்த அறிவும் பயிற்சியும் உள்ள ஆட்களில் நம் பள்ளத்தாக்குப் பிள்ளைகள் எத்தனை பேர் இருக்க வேண்டும் என்பதே இன்றையப் பேச்சு.

இது சின்ன வேலையா?

காட்டிலாகா வேலை என்றதும் நம் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். "படித்த பிள்ளை மரத்தடியில் காவல் காப்பதா?" என்கிறார்கள். நாற்காலியில் உட்காருவது உயர்வு, காலால் நடப்பது தாழ்வு என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது? உடலுழைப்பு செய்கிறவன் கீழ்ஜாதி, செய்யாதவன் மேல்ஜாதி என்று வெகு காலம் சொல்லி வைத்ததன் மிச்சமல்லவா அது? தன் பிள்ளைக்குச் சாதகம் பார்த்து "சர்க்கார் உத்தியோக யோகம்" இருக்கிறதென்று சந்தோஷப்படுகிற தகப்பன், அந்தச் சர்க்கார் உத்தியோகம் காட்டுக்குள் இருந்தால் மட்டும் வேண்டாமென்பது என்ன நியாயம்?

நாம் குடிக்கிற தண்ணீரை யோசித்துப் பாருங்கள். வைகை பிறப்பது வருசநாட்டு மலையில். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் 1895 முதல் மலையைக் குடைந்த வழியாக நம் வயலுக்கு வருகிறது. இரண்டுக்கும் தாய் மேலேயுள்ள காடு. அந்தக் காட்டில் ஒரு பகுதியே 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் என்று அறிவிக்கப்பட்டது. 2018 மார்ச்சில் குரங்கணியில் தீப்பிடித்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டதையும் கண்டோம். தீத்தடுப்புக் கோடு வெட்டுகிறவனும், வேட்டைக் கண்ணியை அறுக்கிறவனும் இல்லையென்றால் நெல்லும் இல்லை, திராட்சையும் இல்லை. அப்படியிருக்க இதைச் சின்ன வேலை என்பது சோறு போடுகிறவளைச் சின்னவள் என்பது போலாகும்.

கடல் நமக்குத் தூரமா?

"காடு சரி, கடலுக்கும் கம்பத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கலாம். வைகையில் மிஞ்சிய வெள்ளம் ராமநாதபுரம் ஜில்லாவைக் கடந்து ஆற்றங்கரை என்ற ஊரருகே பாக் நீரிணையில்தான் சேருகிறது. நாம் ஆற்றில் எறிகிற பிளாஸ்டிக்கும், தோட்டத்தில் தெளிக்கிற மருந்தும் அதே வழியைத்தான் பார்க்கின்றன. அந்தக் கடலில் கடற்புல் மேய்கிற ஆவுளியா என்ற கடற்பசு இருக்கிறது. அதற்காக 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் காப்பிடமாக நம் மாகாண சர்க்கார் அறிவித்தது. இந்தியாவில் கடற்பசுவுக்கென்று அதுவே முதலாவது. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவிலுள்ள 21 தீவுகளும் அவற்றின் பவளப்பாறைகளும் 1986 முதல் மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவாக இருக்கின்றன. அங்கெல்லாம் வேலைக்கு ஆள் வேண்டும். மலையடிவாரப் பிள்ளைக்கு அந்த வேலை ஆகாதென்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை. சொன்னாலும் நாம் கேட்கப் போவதில்லை.

வழிகள்

இனி வழிகளைச் சொல்லுகிறோம்.

முதலாவது, சர்க்கார் வழி. 2024-ஆம் வருஷத்துத் தேர்வாணையக் குரூப் 4 பரீட்சை அறிவிப்பில் வனக்காப்பாளர், வனக்காவலர் வேலைகளும் சேர்ந்திருந்தன. பத்தாம் வகுப்புத் தேறினவர்கள் வனக்காவலருக்கும், பன்னிரண்டாம் வகுப்பில் விஞ்ஞானப் பாடம் எடுத்துத் தேறினவர்கள் வனக்காப்பாளருக்கும் எழுதலாம். எழுத்துப் பரீட்சையோடு முடிவதில்லை. நான்கு மணி நேரத்துக்குள் ஆண்கள் 25 கிலோமீட்டரும், பெண்கள் 16 கிலோமீட்டரும் நடந்து காட்ட வேண்டும். ஆண்களுக்கு அது, இந்தக் கம்பத்திலிருந்து சின்னமனூர் போய்ச் சேர்ந்து, அதற்கப்பாலும் நடக்க வேண்டிய தூரம். பட்டணத்துப் பிள்ளைக்கு அது பெரும்பாடு. மலைத் தோட்டத்துக்கு நடந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு, பெண்களுக்குந்தான், அது பாதிப் பரீட்சையை முன்னமே தேறினது போல. ஆனால் ஒன்று. அறிவிப்பை நீங்களே வாசியுங்கள். "வேலை வாங்கித் தருகிறேன், இரண்டு லட்சம் கொடு" என்று எவனாவது வந்தால், சாமிக்கும் பக்தனுக்கும் நடுவில் நிற்கிற தரகனை எப்படி ஒதுக்குகிறோமோ அப்படியே இவனையும் ஒதுக்குங்கள்.

இரண்டாவது, படிப்பு வழி. மேட்டுப்பாளையத்தில் வனக் கல்லூரி இருக்கிறது. மயிலாடுதுறைப் பக்கம் மன்னம்பந்தல் கல்லூரியில் வனவிலங்கு சாஸ்திரம் உண்டு. தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரியும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிர் ஆராய்ச்சி நிலையமும் நடக்கின்றன.

மூன்றாவது, பழகிக் கற்கும் வழி. சென்னைக் கடற்கரையில் 1988 முதல் மாணவர்கள் கூட்டாகச் சேர்ந்து, ஆமைகள் முட்டையிடும் மாதங்களில் இரவு முழுதும் மணலில் நடந்து, முட்டைகளை எடுத்துப் பத்திரமான இடத்தில் புதைத்து, குஞ்சுகளைக் கடலில் விட்டு வருகிறார்கள். அதில் நடந்த பிள்ளைகள் சிலர் பின்னால் பெரிய ஆராய்ச்சிக்காரர்களாகவும் ஆனார்கள்.

"சேவை" என்ற சூது

நிற்க. இங்கேதான் நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது இருக்கிறது. மலையடிவாரத்துப் பிள்ளை ஒருவன் கொஞ்ச நாளைக்கு முன் நம்மிடம் வந்தான். விலங்கு சாஸ்திரம் படித்துத் தேறினவன். தகப்பன் ஏலத் தோட்டக் கூலி. தூரத்துப் பட்டணத்துச் சங்கமொன்று அவனை எடுத்துக் கொள்ளுவதாகவும், ஆறு மாதம் சம்பளமில்லாமல் உழைக்க வேண்டுமென்றும், சாப்பாடும் தங்கலும் அவன் பொறுப்பே என்றும் எழுதியிருந்தது. காரணம் கேட்டதற்கு, "இது சேவை, ஆர்வம் உள்ளவர்களுக்கு மட்டும்" என்றார்களாம். தாய் காதுத் தோட்டை அடகு வைக்கக் கிளம்பிவிட்டாள். நாம் தடுத்தோம்.

தோழர்களே! ஆறு மாதம் சம்பளமில்லாமல் சாப்பிடக் கூடியவன் யார்? தகப்பன் வீட்டில் நெல் குவிந்திருக்கிறவன்தானே? அப்படியானால் கூலிக்காரன் மகனுக்கு ஆர்வமில்லையென்பது கருத்தா, அல்லது அரிசி இல்லையென்பது கருத்தா? ஒருவனை வாசலிலேயே நிறுத்துவதற்கு ஜாதியைச் சொல்லுவது ஒரு வகை. சேவை என்று சொல்லுவது மற்றொரு வகை. சலீம் அலி என்ற பறவை அறிஞரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவருக்குக் கல்லூரிப் பட்டம் கிடையாது. 1926-இல் பம்பாய்ப் பொருட்காட்சிசாலையில் வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்லும் வேலையில் சேர்ந்தார். ஜெர்மனி சென்று கற்றுத் திரும்பியபோது, பணமில்லையென்று அந்த வேலையும் எடுபட்டிருந்தது. கடலோரக் கிராமத்தில் இருந்துகொண்டு தூக்கணாங்குருவிகளைக் கவனித்தார். ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டி நிறுத்துமென்றும், பெண் குருவி வந்து பார்த்துப் பிடித்திருந்தால்தான் குடியேறுமென்றும் கண்டு எழுதினார். (பெண்ணைக் கேளாமல் நம் வீடுகளில் நடக்கிற கல்யாணத்தைவிட அந்தக் குருவிக் கல்யாணம் எவ்வளவோ யோக்கியமானது!) அவர் பெரிய மனிதரானது அவருடைய கண்ணாலும் உழைப்பாலுந்தான். ஆனால் சம்பளமில்லாத நாட்களைத் தாங்க அவருக்குக் குடும்பம் இருந்தது. அது இல்லாத பிள்ளைகளில் எத்தனை சலீம் அலிகள் ஏலக்காய்ச் செடிக்கு மருந்தடித்துக் கொண்டிருக்கிறார்களோ!

ஆகவே நம் அபிப்பிராயம் இது. உள்ளூரில் லீவு நாளில் போய்ப் பழகுங்கள், அது கல்வி. ஆனால் முழு நாள் உழைப்பைக் கூலியில்லாமல் கேட்கிறவனிடம் சோற்றுச் செலவாவது கொடு என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை, கொடுக்காமல் வாங்குவதில்தான் வெட்கமிருக்க வேண்டும். காட்டுக்குள் ஆயுளைக் கழிக்கிற வேட்டைத் தடுப்புக் காவலர்களில் அநேகர் நிரந்தரமில்லாத வேலையில் இருப்பதையும் நாம் பேச வேண்டும். தடம் காட்டுகிறவன் பளியன், புத்தகத்தில் பெயர் வருகிறது பட்டதாரிக்கு என்றால் அதையும் கேட்க வேண்டும்.

இப்படிக் கேட்டால் நடக்குமா என்றால், மலைக்கு மேலே பாருங்கள். குமுளிப் பக்கத்தில் காட்டுப் பட்டையைத் திருட்டாக உரித்து விற்று, வழக்கிலும் சிறையிலும் அலைந்தவர்களை, 1990-களின் பிற்பகுதியில் பெரியாறு காப்பகத்தார் கூப்பிட்டுப் பேசி ஒரு குழுவாக்கினார்கள். அவர்களே பிரயாணிகளுக்கு வழிகாட்டிச் சம்பாதிக்கிறார்கள்; அவர்களே காட்டையும் சுற்றிக் காவல் காக்கிறார்கள். திருடின கால்தான் காவலுக்கும் நடக்கிறது. வித்தியாசம், நடுவில் மரியாதையும் கூலியும் வந்ததுதான்.

முடிவாக, பிள்ளைகள் நாளைக்கே செய்யக் கூடியது ஒன்று சொல்லுகிறோம். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். உங்கள் ஊர்க் கண்மாயில் எந்தப் பறவை எந்த மாதம் வருகிறது, எந்தப் பாதையில் யானை இறங்குகிறது, எந்த ஊற்று எந்த வருஷம் வற்றிற்று என்று தேதி போட்டு எழுதுங்கள். கேள்விப்பட்டதை எழுதாதீர்கள், கண்டதை எழுதுங்கள். நீச்சல் கற்றுக் கொள்ளுங்கள். மலை மாடு மேய்க்கிறவரிடமும், பளியர் குடியிருப்பிலும் போய் மரியாதையோடு கேட்டுக் கற்றுக் கொள்ளுங்கள். மேய்ச்சலுக்கும் காட்டுக்கும் வழக்கு வருகிற இந்நாளில் இரண்டு பக்கமும் அறிந்தவன்தான் பிரயோஜனப்படுவான். ஒரு வருஷம் அப்படி எழுதின நோட்டை நேர்முகத்தில் எடுத்து வைத்தால், சிபார்சுக் கடிதம் பத்தைவிட அது பேசும்.

நம்மிடம் வந்த அந்தப் பிள்ளை இப்போது பரீட்சைக்குப் படிக்கிறான். விடியற்காலையில் நடந்தும் பழகுகிறான். தாயின் தோடு காதிலேயே இருக்கிறது. அவன் தேறுவானா என்பது நமக்குத் தெரியாது. ஆனால் யாருடைய காலிலும் விழாமல் போகிறான் என்பது தெரியும்.

நாம் சொன்னோம் என்பதற்காக எதையும் ஏற்க வேண்டாம். வீட்டுக்குப் போய் யோசியுங்கள். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் செய்யுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.