கன்றுக்கு எது குறைகிறது?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)



"சிவில் படிச்சவன் உரத்தைப் பத்திப் பேச வந்துட்டானே" என்று முன் வரிசையில் ஒரு முணுமுணுப்பு கேட்கிறது. நியாயம்தான். ஆனால் வேலை நிமித்தமாகச் சில வருஷங்களாக ஜவ்வாது மலைக்குப் போய் வருகிறேன். சாலைக்காகச் சரிவை வெட்டும்போது மண்ணின் குறுக்குவெட்டு கண்முன்னே நிற்கும். மேலே கறுத்த மண், கீழே செம்மண், அப்புறம் சரளை, அப்புறம் பாறை. பல சரிவுகளில் அந்தக் கறுத்த அடுக்கு ஒரு சாண்கூட இருக்காது. மலையில் மரக்கன்று நடும் திட்டம் ஒன்றை நம் சங்கம் எடுக்கலாம் என்று பேச்சு நடக்கிறது. எனவே அந்த ஒரு சாண் மண்ணைப் பற்றி இப்போதே பேசிவிடுவது நல்லது.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி ஜவ்வாது. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. காவலூரில் 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நாம் கொஞ்சம் தரையைப் பார்ப்போம். ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களில் மலையாளிப் பழங்குடி மக்கள் சாமை விதைக்கிறார்கள். பலா, புளி, நெல்லி, தேன் இவைதான் கைச்செலவுக்கு. அவர்கள் நிலத்தில் நாம் நடும் கன்று செத்தால் நமக்கு ஒரு கன்றுதான் நஷ்டம். அவர்களுக்கோ அந்த இடத்தில் விளைந்திருக்க வேண்டிய சாமையும் நஷ்டம். அதனால் "நட்டோம், போட்டோ எடுத்தோம், வந்தோம்" என்று இருக்க முடியாது.

கன்று வாடினால் நமக்கு உடனே தோன்றுவது, "ஒரு பிடி யூரியா போடு" என்பதுதான். இங்கேதான் கணக்கு தப்புகிறது. செடிக்கு மண்ணிலிருந்து பதினான்கு சத்துகள் வேண்டும். தழை, மணி, சாம்பல் மூன்றும் அதிகம் வேண்டும். சுண்ணாம்பு, மெக்னீசியம், கந்தகம் அடுத்த அளவில் வேண்டும். இரும்பு, துத்தநாகம், போரான் போன்றவை துளி அளவில் வேண்டும். இவற்றில் எது மிகக் குறைவோ அதுதான் வளர்ச்சியை நிர்ணயிக்கும் என்று ஜெர்மனியில் ஸ்ப்ரெங்கலும் லீபிக்கும் 19-ஆம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டார்கள். நம்ம பாஷையில் சொன்னால், 1:2:4 கலவையில் மணல் குறைந்த இடத்தில் சிமெண்டை அள்ளிக் கொட்டினால் தூண் நிற்குமா?

மிகுதியும் கெடுதல்தான். தழைச்சத்து அளவுக்கு மீறினால் கன்று பச்சைப்பசேல் என்று துளிர்க்கும், பார்க்கிறவர்கள் மெச்சுவார்கள். ஆனால் இலை வளர்ந்த வேகத்துக்கு வேர் வளர்ந்திருக்காது. சித்திரை வெயிலில் இலை கேட்கும் தண்ணீரை வேரால் கொடுக்க முடியாது. சாம்பல்சத்து மிஞ்சினால் மெக்னீசியத்தை வேர் எடுப்பது குறையும். மணிச்சத்து மிஞ்சினால் துத்தநாகம் தட்டுப்படும். அமிலத் தன்மையுள்ள செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பேங்கில் பணம் இருக்கும், ஆனா எடுக்க முடியாது, அந்த மாதிரி. மக்காத மரத்தூளை மண்ணில் புதைத்தாலும் வம்புதான். அதை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் இருக்கும் தழைச்சத்தையும் தாங்களே எடுத்துக்கொள்ளும்.

இலையே ஓரளவு சேதி சொல்லும். கீழ் இலைகள் முதலில் முழுவதும் வெளுத்தால் பெரும்பாலும் தழைச்சத்துக் குறைவு. நரம்பு பச்சையாக இருக்க, நுனியில் உள்ள இளம் இலை மஞ்சளானால் இரும்பைச் சந்தேகப்படலாம். முதிர்ந்த இலையின் ஓரம் கருகினால் சாம்பல்சத்து. ஆனாலும் இலையை மட்டும் நம்பி உரம் வாங்காதீர்கள். தண்ணீர்க் குறையும் இதே வேஷம் போடும்.

இந்த மலைக்கே உரிய ஒரு பாடம் சந்தனம். திருப்பத்தூரில் அரசு சந்தனக் கிடங்கு இருப்பதே இந்த மலையின் சந்தனத்தால்தான். அந்த மரம் தனியாக வாழாது. அதன் வேர் பக்கத்துச் செடியின் வேரைப் பற்றி நீரையும் சத்தையும் உறிஞ்சும். ஜான் ஸ்காட் என்பவர் 1871-ல் இதைக் கண்டு சொன்னார். பிறகு சென்னை மாகாணத்தில் தாவரவியல் அதிகாரியாக இருந்த பார்பர் விரிவாக ஆராய்ந்தார். சந்தனக் கன்றைத் தனியே நட்டு மூட்டை மூட்டையாக உரம் போட்டாலும் அது தேறாது. பக்கத்தில் ஒரு துவரைச் செடி நின்றால் தழைக்கும். துவரையின் வேர் முடிச்சில் உள்ள பாக்டீரியா காற்றிலிருந்தே தழைச்சத்தைப் பிடித்துத் தருகிறது. துவரைக்கு ஆயுள் குறைவு. அதற்குள் சவுக்கு மாதிரி நீண்டநாள் துணை ஒன்றும் அருகில் வளர்ந்து நிற்க வேண்டும்.

சரி, நாம் என்ன செய்யலாம்?

முதலில் மண் பரிசோதனை. மரத்துக்கு மேல்மண் மட்டும் போதாது. ஒரு அடி, இரண்டு அடி, மூன்று அடி ஆழங்களில் தனித்தனியாக மாதிரி எடுக்க வேண்டும். வேளாண்மைத் துறையின் ஆய்வுக்கூடத்தில் கொடுத்தால் கார அமில நிலையும் சத்துகளின் அளவும் தெரிந்துவிடும். இந்நாள் மாணவர்களே, இந்த வேலை உங்களுடையது. சர்வே கேம்ப் போன கால்களுக்கு மலை ஒன்றும் பெரிதல்ல.

இரண்டாவது, மண்ணை நிறுத்துவது. மழையில் மேல்மண் ஓடிப்போகும் சரிவில் உரம் போடுவது ஓட்டைத் தொட்டியில் தண்ணீர் ஊற்றுவதுதான். சம உயரக் கோட்டில் கல் வரப்பு போட நமக்குச் சொல்லியா தர வேண்டும்? கன்று வாங்கும் முன்பே, மழைக்கு முன்பே, அதை முடித்துவிட வேண்டும்.

மூன்றாவது, குழி. இரண்டடிக்கு இரண்டடி, இரண்டடி ஆழம். தோண்டும்போது மேல்மண்ணைத் தனியே வைத்து, நன்கு மக்கிய தொழு உரத்தோடு கலந்து வேர்ப் பக்கம் போட வேண்டும். ரசாயன உரம் தேவை என்று பரிசோதனை சொன்னால், சொன்ன அளவு மட்டும், தண்டை ஒட்டாமல் சற்றுத் தள்ளி வட்டமாக இட வேண்டும். சுற்றிலும் காய்ந்த இலையை மண்ணின் மேல் மூடாக்காகப் பரப்பினால் ஈரமும் நிற்கும், மெல்ல மக்கிச் சத்தும் சேரும்.

நான்காவது, மூன்று வருஷப் பொறுப்பு. எத்தனை கன்று நட்டோம் என்று அடுத்த மலரில் போட வேண்டாம். மூன்றாம் வருஷம் எத்தனை நிற்கிறது என்று போடுவோம். எந்த மரம், எந்த இடம் என்பதை அந்த நிலத்துக்காரர்களிடம் கேட்டு முடிவு செய்வோம். எந்தச் சரிவில் எது நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

திட்டத்துக்கு நன்கொடை தர நினைக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அதில் பாதியையாவது கன்றுக்குச் செலவிடாமல் வரப்புக்கும் தொழு உரத்துக்கும் மூன்று வருஷக் காவலுக்கும் ஒதுக்கச் சொல்லுங்கள். கன்று மலிவாகக் கிடைத்துவிடும். அந்த ஒரு சாண் மண் போய்விட்டால் எந்தக் கடையிலும் கிடைக்காது.