அடியெடுத்துக் கொடுங்கள்

(ஜூபிலி விழாவின் முதியோர் நாளன்று பங்குத் தந்தை ஆற்றிய உரை)



"தாத்தாவுக்கு எல்லாம் மறந்துபோச்சு", "ஆயாகிட்ட கேட்டு என்ன பிரயோஜனம்?" என்ற பேச்சு நம் வீடுகளில் அடிக்கடி கேட்கிறது. இவ்வாறு சொல்லுமுன் நாம் சற்று யோசிக்க வேண்டும். நினைவு அழிந்துபோவது ஒன்று. உள்ளே பத்திரமாக இருந்தும் வெளியே வர வழியின்றி நிற்பது வேறொன்று. பெட்டியின் சாவி காணாமற்போனால், பெட்டியில் பொருளே இல்லை என்று யாராவது சொல்வார்களா?

கனடா நாட்டின் டொரான்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மனோதத்துவ அறிஞர் என்டல் டல்விங்கும், உடன் ஆய்வாளர் பியர்ல்ஸ்டோனும் 1966-ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். பள்ளி மாணவர்களுக்குப் பல சொற்களை, அவை எந்த வகையைச் சேர்ந்தவை என்ற தலைப்போடு படித்துக் காட்டினார்கள். பிறகு ஒரு பகுதியினரை, நினைவில் உள்ளதை அப்படியே எழுதச் சொன்னார்கள். மற்றவர்களுக்குத் தலைப்புகளை மட்டும் கொடுத்தார்கள். தலைப்புகளைப் பெற்றவர்களே அதிகச் சொற்களை எழுதினர். முதலில் தவித்தவர்களுக்கும் பின்னர் தலைப்புகளைக் கொடுத்தபோது, விட்டுப்போன பல சொற்கள் அவர்களுக்கும் நினைவுக்கு வந்தன! அச்சொற்கள் அழியவில்லை; நினைவூட்டும் குறிப்பு இல்லாததே குறை என்பது இதனால் தெளிவாயிற்று.

இது நம் முன்னோர் அறியாததல்ல. பாடம் ஒப்பிக்கும் பிள்ளை திணறும்போது வாத்தியார் முதற் சொல்லைச் சொல்வார். மீதி தானே வரும். இதற்கு "அடியெடுத்துக் கொடுத்தல்" என்று அழகாகப் பெயரிட்டது நம் தமிழ். ஒரு பாட்டின் முடிவையே அடுத்த பாட்டின் தொடக்கமாக வைத்த அந்தாதியும் நினைவுக்கு நல்ல துணை. மறக்கக் கூடாததற்கு முந்தானையில் முடிச்சுப் போட்ட நம் தாய்மார்களும் இதே கலையை அறிந்தவர்களே. புனித இராயப்பருக்கு ஆண்டவர் முன்னரே சொன்ன வார்த்தை எப்போது நினைவுக்கு வந்தது? சேவல் கூவியபோதல்லவா!

இப்போது நம் ஊரைப் பார்ப்போம். ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பக்கங்களில் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்டார்கள். 1970-களில் அரசாங்கம் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுமையாக முடித்த தோலையும் காலணிகளையும் ஊக்குவித்தது. குரோமிய உப்பால் பதனிடும் முறை பெருகியது. தொழிலோடு அதன் வாசனையும் மாறிற்று. பட்டை ஊறிய தொட்டியின் மணமும், பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டி எடுத்த நீரின் சுவையும் நம் பெரியவர்களின் இளமையோடு கலந்தவை. அவற்றோடு சேர்ந்து பதிந்த நினைவுகளுக்கு, அவை இல்லாத இடத்தில் அடியெடுத்துக் கொடுப்பவர் யார்? பிள்ளைகள் அன்போடு சென்னைக்கோ பெங்களூருக்கோ அழைத்துப் போய் மாடி வீட்டில் குடிவைக்கிறார்கள். அங்கே பழகிய முகமில்லை, கோவில் மணியோசையில்லை. பெரியவர் மௌனமாகிறார். நாமோ மறதி என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம்.

ஊருக்குத் திரும்ப அழைத்து வந்தாலே போதுமா? அப்படியும் சொல்வதற்கில்லை. முக்குளிப்போரைக் கொண்டு 1975-இல் பிரிட்டனில் ஓர் ஆய்வு நடந்தது. நீருக்கடியில் கற்ற சொற்கள் நீருக்கடியிலும், கரையில் கற்றவை கரையிலும் நன்றாக நினைவுக்கு வந்தன. ஆனால் 2021-இல் அதைத் திரும்பச் செய்து வெளியிட்டபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. ஆகவே இடத்தை மட்டும் நம்பாமல், அவரவர் வாழ்வோடு ஒட்டிய குறிப்பைத் தேடித் தர வேண்டும்.

எல்லா மறதியும் இவ்வகைப்பட்டதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். அல்ஸைமர் போன்ற நோயில் புதிய செய்தி உள்ளத்தில் பதிவதே தடைப்படுகிறது; அப்போது குறிப்புக் கொடுத்தாலும் பலன் குறைவு. மருத்துவர்களும் குறிப்புக் கொடுத்துக் கேட்டுப் பார்த்து இந்த வேறுபாட்டை ஆராய்வதுண்டு. சோறு உண்டதையே மறந்தால், நடந்து பழகிய தெருவில் வழி தவறினால், வயதாகிவிட்டது என்று வாளாவிராதீர்கள். வேலூர் சி.எம்.சி. நமக்கு அருகிலேயே இருக்கிறது. அழைத்துச் செல்லுங்கள்.

இளைஞர்களே, பெரியவர்களைப் பரீட்சை வைத்து வருத்தாதீர்கள். "நான் யாரு, சொல்லுங்க பார்ப்போம்" என்று நாலு பேர் நடுவில் கேட்பது அவர்களைக் கூனிக்குறுகச் செய்யும். அதற்குப் பதிலாக, "தாத்தா, நான் உங்க பெரிய மகனோட பிள்ளை. சைக்கிளில் என்னைப் பள்ளிக்கூடம் கூட்டிப் போவீங்களே" என்று நீங்களே அடியெடுத்துக் கொடுங்கள். "பழைய கதை சொல்லுங்க" என்று பொதுவாகக் கேட்டால் பதில் வராது. பழைய திருமணப் படத்தை மடியில் வையுங்கள். ஒரு துண்டு ஆவாரம்பட்டையைக் கையில் கொடுங்கள். அவர்கள் காலத்துப் பாட்டின் இராகத்தை முணுமுணுத்துப் பாருங்கள்.

இந்த ஜூபிலி ஆண்டில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு வேலை செய்ய வேண்டுகிறோம். ஞாயிறு திருப்பலிக்குப் பின் அரை மணி நேரம் வீட்டுப் பெரியவரோடு அமர்ந்து, அவர் சொல்வதை ஒரு நோட்டில் எழுதுங்கள். இக்கோவிலுக்கு மண் சுமந்தவர் யார், முதல் வகுப்பு எந்த மரத்தடியில் நடந்தது என்பவையெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவர்கள் நெஞ்சில்தான் இருக்கின்றன. கேட்பார் இல்லாமல் அவை அவர்களோடு கல்லறைக்குப் போய்விடக் கூடாது. இன்றே தொடங்குங்கள். இறைவன் நம் பெரியோர்க்கு நீடிய ஆயுளும், நமக்குக் கேட்கும் பொறுமையும் அருள்வாராக!