மழையின் அளவும் மழையின் முறையும்



மழை குறைவதே வறட்சி என்று பொதுவாகக் கருதப்படுகிறது. 2022இல் இரண்டாகப் பிரிக்கப்பட்ட பழைய அனந்தபூர் மாவட்டத்துச் சிறு விவசாயிக்கோ, பெய்ய வேண்டிய நாளில் பெய்யாத மழையே வறட்சியாகும்.

ஆந்திரப் பிரதேசத்தைச் சேர்ந்த இப்பகுதியின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 550 மில்லிமீட்டர். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருப்பதால் தென்மேற்குப் பருவக்காற்று இங்கு வலுவிழந்தே வந்து சேருகிறது. நிலமோ பெரும்பாலும் ஆழமற்ற செம்மண். ஈரத்தை நெடுநாள் தாங்காது. சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் இம்மண்ணில் நிலக்கடலை பல இலட்சம் ஹெக்டேரில் பரவியது. அதற்குச் சந்தை இருந்தது. கொடி மாட்டுக்குத் தீவனமாயிற்று. ஆயினும் ஒரே பயிரை நம்பிய குடும்பம் ஒரே மழையை நம்பும் நிலைக்கு வந்தது.

விதைத்த ஒரு மாத அளவில் கடலை பூக்கிறது. பின்னர் விழுது மண்ணுக்குள் இறங்கினால்தான் காய் பிடிக்கும். அந்நாட்களில் மூன்று வாரம் மழை பொய்த்தால் இறுகிய மண்ணில் விழுது இறங்காது. அதன்பின் கொட்டும் மழை ஆண்டுக் கணக்கைச் சரிசெய்யலாம், விளைச்சலைச் சரிசெய்யாது.

இந்த இடர்ப்பாடு வளர்ந்து வருகிறது. 1951–1980 காலத்தைவிட 1981–2011இல் கோடைப் பருவமழைக் காலத்து வறண்ட இடைவெளிகள் 27 விழுக்காடு மிகுந்தன என்று புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020ஆம் ஆண்டு மதிப்பீடு கூறுகிறது. ஒரு டிகிரி செல்சியஸ் வெப்பம் உயர்ந்தால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். ஆதலால் பெய்யும்போது மழை கொட்டித் தீர்க்கிறது. மேல்மண்ணும் அதனுடன் போகிறது.

2015–16 வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் பண்ணைகளில் 100க்கு 86 பங்கு, இரண்டு ஹெக்டேருக்கு உட்பட்டவை. இவர்களுக்கு ஒரு விதைப்பு வீணானால் மறு விதைப்புக்குக் கடனே வழி. கடன் வாங்கித் தோண்டிய ஆழ்துளைக் கிணற்றிலும் நீர் இல்லையெனில் நிலமே கைமாறுகிறது.

பரிகாரம் இல்லாமல் இல்லை. கடலையுடன் துவரையை ஊடுபயிராக்கினால், ஆழ வேரோடும் துவரை பிந்திய மழையையும் பயன்படுத்திக் கொள்ளும். தினையும் கம்பும் குறைந்த நீரில் வீட்டுக்கு உணவும் மாட்டுக்குத் தட்டையும் தரும். ஒரு ஹெக்டேரில் பெய்யும் 10 மில்லிமீட்டர் மழை ஒரு இலட்சம் லிட்டர் நீராகும். வழிந்தோடும் நீரில் ஒரு பகுதியைப் பண்ணைக் குட்டையில் தேக்கினால், விழுது இறங்கும் வேளையில் ஓர் உயிர்த் தண்ணீர் கொடுக்கலாம்.

இவற்றைச் சிறு விவசாயி தனியே செய்துவிட முடியாது. மாற்றுப் பயிரின் விதை பருவத்திற்கு முன்பே கிராமத்தில் கிடைக்க வேண்டும். சிறுதானியத்திற்குக் கொள்முதல் உறுதி வேண்டும். பயிர்க் காப்பீட்டு இழப்பீடு அடுத்த விதைப்புக்குள் கைக்கு வர வேண்டும். பிந்தி வரும் இழப்பீடும் பிந்திய மழையைப் போன்றதே. மழையை மில்லிமீட்டரில் மட்டுமன்றி நாட்களிலும் கணக்கிடும் திட்டமே வறண்ட நிலத்துக் குடும்பத்தை அதன் நிலத்தில் நிலைநிறுத்தும்.