அண்ணாந்து பார்க்க ஒரு நாள்

(நமது சங்கத்தின் மூத்த குடிமக்கள் கூட்டத்தில் பேசியது)



"ரிட்டையர் ஆனவர்களுக்குப் பயன்படுகிற மாதிரி ஏதாவது பேசுங்கள் சார்" என்றார் செயலாளர். வைப்புநிதி வட்டியைப் பற்றிப் பேசுவேன் என்று நினைத்திருப்பார். நான் பேசப்போவது ஒரு நாள் சுற்றுலாவைப் பற்றி. காசிக்கோ சிங்கப்பூருக்கோ அல்ல. அம்பத்தூரிலிருந்து மெரினாவுக்கு.

பாரிமுனையில் ஒரு வங்கிக் கிளையில் 29 வருஷம் கிளார்க்காக இருந்தேன். காலையில் லோக்கல் ரயிலில் இடிபட்டுப் போவது, மாலையில் கணக்கு டேலி ஆனதும் ஓடிவருவது. என் மனைவி அந்தப் பக்கம் வந்ததே இல்லை. கேட்காமல் இல்லை. "அடுத்த லீவுக்குப் போகலாம்" என்று சொல்லியே நான் காலத்தைத் தள்ளிவிட்டேன். போன வருஷம் அவளுக்கு மூட்டுவலி வந்தது. "இனிமே பீச்சுக்கெல்லாம் எங்க போறது" என்று ஒருநாள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். ஜனவரி என்றால் வெயில் குறைவு. ஞாயிறு என்றால் பாரிமுனையில் கூட்டம் குறைவு. நடுவழியில் நின்று கட்டடத்தைப் பார்த்தால் யாரும் இடிக்கமாட்டார்கள்.

மூர் மார்க்கெட் வளாகத்தில் இறங்கி வெளியே வந்தால் பக்கத்திலேயே ரிப்பன் மாளிகை. 1913-இல் திறந்தது. உள்ளாட்சி முறைக்கு வழிசெய்த வைஸ்ராய் ரிப்பன் பிரபுவின் பெயர். 2011-இல் அம்பத்தூர் மாநகராட்சியோடு சேர்ந்ததிலிருந்து நமது சொத்து வரிக்கும் அதுதான் தலைமையிடம். "நாம கட்டுற வரி இங்கதான் வருதா?" என்று கேட்டு, நின்று நன்றாகப் பார்த்தாள்.

அங்கிருந்து மெட்ரோவில் உயர்நீதிமன்றம். லிஃப்ட் இருப்பதால் முழங்காலுக்குக் கஷ்டமில்லை. சிவப்புக் கட்டடமும் கும்பங்களும் 1892-இல் எழுந்தவை. "உச்சியில அது என்னங்க, விளக்குக் கூண்டு மாதிரி?" என்றாள். 29 வருஷம் அந்தப் பக்கம் நடந்த எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்துதான் படித்தேன். கப்பல்களுக்கு வழிகாட்ட 1894 முதல் 1977 வரை அந்தக் கோபுரத்தில்தான் கலங்கரை விளக்கம் எரிந்தது. அதன் பிறகுதான் மெரினாவில் இப்போதுள்ளது வந்தது.

பிறகு ராஜாஜி சாலை. ஸ்டேட் பாங்க் கட்டடம், மெட்ராஸ் பாங்குக்காகக் கட்டியது. 1843-இல் மெட்ராஸ் பாங்க், 1921-இல் இம்பீரியல் பாங்க், 1955-இல் ஸ்டேட் பாங்க். பதவி உயர்வுத் தேர்வுக்காக இந்த வரிசையை மனப்பாடம் செய்தவன் நான். ஆனால் அந்தக் கோபுரங்களையும் வளைவுகளையும் அன்றைக்குத்தான் முதல்முறையாக அண்ணாந்து பார்த்தேன். உயர்நீதிமன்றம், இந்த வங்கி இரண்டையும் கட்டிய ஒப்பந்தக்காரர் ஒருவரே: நம்பெருமாள் செட்டியார். வரைந்த வெள்ளைக்காரர்களின் பெயரோடு அவர் பெயரையும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

மதியச் சாப்பாடு செகண்ட் லைன் பீச்சில், தள்ளுவண்டிக் கடையில் அத்தோ. 1960-களில் பர்மாவில் கடைகளை அரசு எடுத்துக்கொண்டபோது, கையில் கிடைத்ததோடு திரும்பிவந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு. நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளிக்கரைசல், பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள் எல்லாம் சேர்த்துக் கையால் பிசைந்து தருகிறார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். "சேவையில புளி ஊத்தின மாதிரி இருக்கு" என்று என் தட்டிலிருந்தும் எடுத்துக்கொண்டாள். காரம் ஆகாதவர்கள் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

பறக்கும் ரயில் நிலையங்களில் படி ஏறவேண்டும் என்பதால் ஆட்டோ பிடித்துக் காமராஜர் சாலைக்குப் போனோம். உழைப்பாளர் சிலையைப் பார்த்துக்கொண்டே போய், விவேகானந்தர் இல்லத்தின் எதிரில் இறங்கினோம். அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளைச் சேமிக்க 1842-இல் கட்டியது அந்த ஐஸ் ஹவுஸ். 1897-இல் விவேகானந்தர் அங்கே தங்கினார்.

அதற்கு நேரே கடற்கரையில் ஒரு மரப்பாதை இருக்கிறது. சக்கர நாற்காலி கடலருகே போவதற்காக மாநகராட்சி 2022-இல் அமைத்தது. மணலில் கால் புதைந்தால் இவளால் நடக்க முடியாது. அந்தப் பாதையில் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தாள். கடைசியாக அவள் மெரினாவுக்கு வந்தது எங்கள் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது. பாதை முடிகிற இடத்தில் ரொம்ப நேரம் நின்றாள். ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இவ்வளவு பக்கத்துலயா இருந்துச்சு?" என்றாள். நான் போய்ச் சுண்டல் வாங்கிவந்தேன். வேறு என்ன செய்வது?

தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டல் உட்பட, இருவருக்கும் அன்றைய செலவு ஆயிரம் ரூபாயைத் தொடவில்லை. கணக்கு எழுதி வைத்திருக்கிறேன், பழக்கதோஷம். எழுத முடியாத பாக்கி ஒன்று இருந்தது. அதில் கொஞ்சம் அன்றைக்கு அடைந்தது.

நண்பர்களே, நம்மில் பலர் முப்பது நாற்பது வருஷம் ஊருக்குள் போய்வந்தோம். வீட்டிலிருந்தவர்கள் சாப்பாட்டு டப்பாவைக் கட்டிக் கொடுத்து அனுப்பினார்கள். முழங்கால் ஒத்துழைக்கும்போதே அவர்களை ஒருநாள் கூட்டிக்கொண்டு போங்கள். குடை, தண்ணீர், மாத்திரை டப்பா மறக்கவேண்டாம். சங்கம் வேன் ஏற்பாடு செய்தால் வழிகாட்ட நான் தயார். ஆனால் முதல் தடவை நீங்கள் இருவர் மட்டும் போய்வாருங்கள்.