சென்ற வழியும் நின்ற வழியும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)

 

இந்தியும் உருசிய மொழியும் உலகில் எங்கெங்கே பேசப்படுகின்றன என்பதை ஒப்பிட்டு உரைக்குமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். கம்பம் பள்ளத்தாக்கில் கூடியுள்ள தமிழ்க் கவிஞர்களுக்கு இந்தக் கணக்கு எதற்கு என்ற ஐயம் சிலர்க்கு எழலாம். ஒரு மொழி எவ்வழியிற் சென்றது, சென்ற இடத்தில் எதனால் நின்றது என்னும் இரு வினாக்களுக்கு இவ்விரு மொழிகளும் தெளிவான விடை தருகின்றன. அவ்விடை தமிழுக்கும் வேண்டியது.

உருசிய மொழி பெரும்பாலும் அரசின் வழியே சென்றது. சார் மன்னர்களின் படையோடு நடந்து, பின்னர்ச் சோவியத்து ஆட்சியில் பள்ளி, அலுவலகம், தொழிற்சாலை ஆகியவற்றின் மொழியாய்ப் 15 குடியரசுகளிலும் பரவிற்று. 1991இல் அவ்வொன்றியம் கலைந்ததும் அதன் நிலை நாட்டுக்கு நாடு வேறுபட்டது. பெலாரசில் 1995 முதல் அது அரசு மொழிகளுள் ஒன்று, கிர்கிசுத்தானில் ஆட்சிமொழி, கசகசுத்தானில் அரசு அலுவல்களில் கசாக்கு மொழியோடு இணையாக வழங்குகிறது. உசுபெகிசுத்தானோ 1993இலேயே சிரில்லிக் எழுத்தை விட்டு இலத்தீன் எழுத்துக்கு மாறச் சட்டம் இயற்றியது. லாத்வியாவில் உருசிய மொழியை இரண்டாம் அரசு மொழியாக்கலாமா என்று 2012இல் மக்களிடம் கேட்டபோது, வாக்களித்தோருள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் மறுத்தனர். ஆணையால் வந்த மொழி, ஆணை நீங்கியதும் தன் இடத்தைப் புதிதாகத் தேட வேண்டியதாயிற்று.

இதற்கு மறுபுறமும் உண்டு. 1989க்குப் பின் சோவியத்து நாடுகளிலிருந்து இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தவர்கள் பத்து இலட்சத்துக்கு அருகில். அங்கு ஆட்சியுரிமை இல்லாதபோதும் செய்தித்தாளும் நூற்கடையுமாக உருசிய மொழி வாழ்கிறது. நம்மில் பலர் ‘ஜமீலா’வைத் தமிழில் படித்தோம். அதை எழுதிய சிங்கிஸ் ஐத்மாத்தவ் கிர்கிசியர். அவரை உலகறியச் செய்தது உருசிய மொழியே. ஆதிக்கத்தோடு வந்த மொழி அறிவுக்கும் வாயிலாவதுண்டு என்பதை நாம் மறுத்தல் இயலாது.

இனி, இந்தி. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 52.8 கோடி. இதனுள் போஜ்புரி பேசும் 5 கோடிப் பேரும் இராஜஸ்தானி பேசும் 2.5 கோடிப் பேரும் அடக்கம். ஆனால், கடல் கடந்தது தில்லியின் ஏட்டு இந்தி அன்று; ஒப்பந்தக் கூலிகளின் போஜ்புரியும் அவதியுமே கடந்தன. மொரீசியசுக்கு 1834இலும், கயானாவுக்கு 1838இலும், டிரினிடாடுக்கு 1845இலும், சூரினாமுக்கு 1873இலும், பிஜிக்கு 1879இலும் அவர்கள் சென்றனர். கயானாவிலும் டிரினிடாடிலும் வீட்டுமொழியின் இடத்தை ஆங்கிலம் கொள்ள, முன்னோர் மொழி வழிபாட்டிலும் பாட்டிலும் ஒதுங்கிற்று. சூரினாமில் அது சர்னாமி என்ற பெயரோடு இன்றும் பேசப்படுகிறது, கவிதையும் படைக்கப்படுகிறது.

பாரதியார் நெஞ்சுருகிப் பாடிய பிஜித் தீவின் வரலாறு நமக்கு நெருக்கமானது. 1916 வரை அங்குச் சென்ற ஏறத்தாழ 60,000 பேருள் நான்கில் ஒரு பங்கினர் 1903க்குப் பின் சென்னைத் துறைமுகம் வழியே சென்ற தென்னாட்டவர். தோட்டத்தில் பொதுமொழியாய் இருந்தது இந்தி. ஓரிரு தலைமுறைக்குள் அவர்தம் மக்கள் வீட்டிலும் அதையே பேசலாயினர். 1926இல் தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் பள்ளிகள் நிறுவியும் தமிழை அன்றாடப் பேச்சாக மீட்க இயலவில்லை. பிஜி இந்தியில் எழுந்த ‘டௌகா புரான்’ (2001) என்னும் நாவலை எழுதியவர் பெயர் சுப்ரமணி என்பது ஈண்டு எண்ணத்தக்கது. ஆணை இன்றியே, உடனுழைப்போரின் நட்பினாலேயே, ஒரு மொழி மற்றொன்றை விழுங்கக்கூடும்.

மொரீசியசின் பணத்தாளில் தமிழ் எழுத்து உண்டு. ஆனால் அந்நாட்டுத் தமிழரின் வீட்டில் பெரிதும் ஒலிப்பது கிரியோல். மலேசியாவில் தமிழ் ஆட்சிமொழியன்று. ஆயினும் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருப்பதால் அங்கே புதிய கவிஞர்கள் பிறக்கின்றனர். பணத்தாள் தரும் மதிப்பினும் பள்ளிக்கூடம் தரும் பயிற்சி பெரிது என்பதற்கு இவ்விரு நாடுகளும் சான்று.

இவ்வுண்மையைக் காண நாம் கப்பலேற வேண்டியதில்லை. போடிமெட்டும் கம்பம்மெட்டும் ஏறினாலே போதும். 1956இல் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு சேர்ந்தன. எல்லை அமைந்தபின்னும் ஏலத்தோட்டத்துக்கு நம் ஊர்களிலிருந்து நாள்தோறும் விடியலில் ஜீப்புகள் புறப்படுகின்றன. 2015இல் மூணாற்றுத் தேயிலைத் தோட்டப் பெண்கள் போனசும் கூலி உயர்வும் கேட்டுப் போராடியபோது முழக்கம் தமிழில் எழுந்தது. அங்குள்ள தமிழ்க் குழந்தைகள் எம்மொழியிற் படிப்பது என்பது அவர்தம் பெற்றோர்க்குப் பிழைப்போடு பிணைந்த வினா. மலையாளத்தையோ ஆங்கிலத்தையோ நாடுவோரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை.

அத்தோட்டங்களில் இப்பொழுது இந்தியும் கேட்கிறது. ஜார்க்கண்டிலிருந்தும் மத்தியப் பிரதேசத்திலிருந்தும் வந்த தொழிலாளர் பேசும் இந்தி அது. அவருள் சந்தாளியையோ முண்டாரியையோ தாய்மொழியாக உடையோரும் உளர். 1938இலும் 1965இலும் தமிழகம் எதிர்த்தது ஆணையாக வந்த இந்தியை. கூலிக்காக மலையேறி வந்தவரின் இந்தி, பினாங்குக்கும் கண்டிக்கும் சென்ற நம் முன்னோரின் தமிழுக்கு உடன்பிறப்பு. இவ்விரண்டையும் பிரித்தறியாத மொழிப்பற்று குறைபாடுடையது. வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசி, தமிழில் கவிதை படைப்போர் இப்பள்ளத்தாக்கிலேயே உள்ளனர். அவர்கள் இதனை எளிதில் உணர்வர்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். பதினோராம் ஆண்டில் நம் மாதக் கூட்டங்களுள் இரண்டையேனும் மலைமேல் உள்ள தமிழ்ப்பள்ளிகளில் நடத்துவோம். நம் கவிதைகளை அங்குப் படிப்பதோடு அமையாது, அப்பிள்ளைகளை எழுதச் சொல்லி, அவர்தம் தோட்டத்துச் சொற்களோடு அவற்றை அச்சேற்றுவோம். எழுதிய பிள்ளை தன் பெயரை அச்சில் காணும் இடத்தில் தமிழ் நிற்கும்.