மீண்டும் நனிசைவம்: ஸ்ரௌவ்வில் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை



பால், தயிர், நெய்யையும் தவிர்க்கும் நனிசைவத்தில் ஒருமுறை தோற்றவர் மீள முயல்வது இழுக்கன்று. காந்தியடிகள் 1912இல் தென்னாபிரிக்காவில் பாலைத் துறந்தார். 1918இல் வயிற்றுளைச்சலால் நலிந்து, பின்னர் ஆட்டுப்பாலை ஏற்றார். அது அவருக்கு ஆறாத வருத்தமாயிற்று. தாவர உணவிற் போதியளவு கிட்டாத விற்றமின் பி12 பிரித்தெடுக்கப்பட்டதோ, அவர் மறைந்த 1948இல்தான்!

இன்று அம்மாத்திரையும், கல்சியம் சேர்த்த சோயாப் பாலும் கனடாவில் எளிதிற் கிட்டுகின்றன. 2019ஆம் ஆண்டின் கனடிய உணவு வழிகாட்டியும் தாவரப் புரதத்தையே அடிக்கடி தெரிவுசெய்யச் சொல்கிறது. ஆதலின், முன்பு சோர்ந்து கைவிட்ட பிள்ளை மீண்டும் தொடங்கினால் ஏளனம் வேண்டாம். தயிரை நீக்கிவிட்டு வெறும் சோறும் இரசமும் பரிமாறினால் மறுபடியும் தோல்விதான். பருப்பும் கடலையும் பயறும் நாள்தோறும் தட்டில் இருக்கட்டும். இரத்தப் பரிசோதனைக்குக் குடும்ப மருத்துவரிடம் பிள்ளையுடன் சேர்ந்தே செல்லுங்கள்.